அரசரின் பாதரட்சைக்கு ஒரு நாள் ஓய்வு

மருதவெளி நாட்டு அரசர் விசயகண்டரின் காலில் விழுந்தவர்கள் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அரசருக்குக் கண் கலங்கிவிடும். "என்ன பக்தி! என்ன பக்தி!" என்று நெகிழ்ந்து போவார்.

அது பக்தி இல்லை, மயக்கம் என்பது சபை முழுவதற்கும் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை. அரசர் தடித்த எருமைத் தோலில் செய்த மூடிய பாதரட்சை அணிவார். விடிந்ததும் காலில் ஏறினால் படுக்கும்போதுதான் இறங்கும். மகுடமும் பாதரட்சையும் இல்லாத அரசனை எவனும் பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

இளவரசியைப் பெண் பார்க்க ஒரு மாப்பிள்ளை வந்தான். ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தான். நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். சம்பந்தமும் அதோடு போயிற்று. அன்றைக்கு ராணி செண்பகவல்லி பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

"அது பக்தி இல்லைங்க. உங்கள் செருப்பு."

அரசர் மூன்று நாள் தன் பாதரட்சையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள், "இதற்கு வழி சொல்லுங்கள்" என்று சபையில் உறுமினார்.

பொக்கிஷ அதிகாரி கங்காதரர் முந்திக்கொண்டார். "வெள்ளித் தகடும் செப்புப் பொடியும் வைத்துத் தைத்தால் நாற்றம் அண்டாது, மகாராஜா!"

தைத்தார்கள். இரண்டே நாளில் அரசரின் பாதம் கிளிப்பச்சை நிறமாகிவிட்டது. அரிப்பு தாங்காமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தார். பார்த்தவர்கள் நாட்டியம் என்று நினைத்துத் தாளம் போட்டார்கள்.

"வெள்ளி வேண்டாம், செம்பு வேண்டாம், ஆணிகூட வேண்டாம்!" என்று கத்தினார் அரசர். "எந்த உலோகமும் என் காலில் படக் கூடாது. நாறவும் கூடாது. நான் கழற்றவும் மாட்டேன். எவன் செய்வான்?"

கங்காதரர் குழைவாகச் சிரித்தார். "நம் சிற்றம்பலம் இருக்கிறாரே! அவருக்குத் தெரியாத வித்தையா?"

சிற்றம்பலம் சபையின் விகடர். பேச்சில் சூரர். செருப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் காலில் போடுவது என்பதுதான்.

"நாலு நாளில் செய்து தாரும். எட்டு நாள் போட்டுப் பார்ப்பேன்" என்றார் அரசர். "ஒன்பதாம் நாள் அடுத்த மாப்பிள்ளை வருகிறான். அதற்குள் நாறினால், உமக்கு இனி விகடர் வேலை கிடையாது. சபை கூடும்போதெல்லாம் என் பாதத்தில் மூக்கை வைத்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஆயுள் முழுவதும்!"

சிற்றம்பலம் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஊரில் செருப்புத் தைப்பவரோடு நாலு நாள் உட்கார்ந்து, சிற்றம்பலம் புதிய பாதரட்சை கொண்டுவந்தார். மெல்லிய ஆட்டுத்தோல். பக்கத்தில் காற்றுப் போகச் சின்னச் சின்னத் துளைகள். அடியில் வெட்டிவேர்ப் பின்னல். உள்ளே கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தித் துணி. ஆணி இல்லை, எல்லாம் நூல் தையல். அரசர் போட்டார், நடந்தார். ஒரு நாள் போயிற்று. மூன்று நாள் போயிற்று. ஏழு நாளும் போயிற்று. ராணி அரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டார்!

எட்டாம் நாள் பிற்பகல், சபை நிறைந்திருந்தது. கங்காதரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் ஒரு சோடி பாதரட்சை. அரசர் காலில் இருந்ததைப் போலவே அச்சு அசலாக இருந்தது.

"மோசடி, மகாராஜா! மாடியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் தூங்கும் நேரம் பார்த்து இந்த ஆள் தினமும் சோடியை மாற்றி வைக்கிறார்!"

அரசரின் மீசை துடித்தது. "சிற்றம்பலம்! நான் கேட்டது ஒரு சோடி!"

சிற்றம்பலம் கங்காதரர் பக்கம் திரும்பினார். "கங்காதரரே, அது நேற்று முழுவதும் மகாராஜா நடந்த பாதரட்சை. கையிலேயே வைத்திருக்கிறீர்களே, முகர்ந்து பார்த்துச் சபைக்குச் சொல்லுங்கள். நாறுகிறதா?"

கங்காதரர் முகம் வெளுத்தது. நாறுகிறது என்றால் அரசரின் பாதத்தைச் சபை நடுவே பழித்ததாகும். நாறவில்லை என்றால் சிற்றம்பலம் ஜெயித்ததாகும். மெதுவாக மூக்கருகே கொண்டு போனார். சபையே கழுத்தை நீட்டியது.

"வெ... வெட்டிவேர் வாசனை" என்றார் அழாத குறையாக.

"கேட்டீர்களா, மகாராஜா? அரண்மனை யானைக்கு மாற்று யானை இருக்கிறது. வாசல் காவலனுக்கு மாற்று ஆள் இருக்கிறான். உங்கள் பாதரட்சைக்கு மட்டும் மாற்றே இல்லை. பாவம், வேர்வை காய நேரம் இல்லாமல் உழைத்தது. நான் ஒரு சோடி உழைக்கும் நாளில் இன்னொரு சோடிக்கு ஓய்வு கொடுத்தேன். உள்துணியைத் துவைத்தேன். வேறு வித்தை ஒன்றும் இல்லை."

"அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

"மகாராஜா, பாதரட்சையைக் கழற்றி வெயிலில் வையுங்கள் என்று நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

அரசர் நேர்மையாக யோசித்தார். "உம் தலையைக் கழற்றியிருப்பேன்."

"அதனால்தான் சொல்லவில்லை."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிழைத்தீர் ஐயா! உம் மூக்கு உம்மிடமே இருக்கட்டும். என்ன பரிசு வேண்டும், கேளும்!"

சிற்றம்பலம் கூச்சத்தோடு தன் அங்கியைத் தொட்டுக் காட்டினார். "எட்டு நாளாகப் பயத்தில் வேர்த்து ஊறிப்போன அங்கி, மகாராஜா. மாற்ற நேரமே கிடைக்கவில்லை. நாளைக்கு ஒரு நாள் எனக்கும் ஓய்வு கொடுங்கள். துவைத்துக் காயப் போட்டுவிட்டு வருகிறேன்."

அரசர் சிம்மாசனத்திலிருந்து கொஞ்சம் குனிந்து மூச்சை இழுத்தார். அடுத்த கணம் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நாளைக்கு எதற்கு ஐயா? இப்போதே கிளம்பும்! ஒரு நாள் போதாது, நாலு நாள் காயும்!"