ராஜா ஏன் அழுதார்?

பூவரசூர் ராஜா முத்துவீர பூபதிக்குக் காலையில் ஒரு யோசனை தோன்றினால் சாயங்காலத்துக்குள் அது உத்தரவாகிவிடும். நல்ல யோசனையா, கெட்ட யோசனையா என்று பார்க்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. அப்படித்தான் ஒருநாள் அவருடைய சர்வகலாசாலையில், ஆங்கில இலக்கியத்தையும் தத்துவத்தையும் ஒன்றாகப் படிக்கிற வகுப்பு முளைத்தது.

அதில் சேர்ந்ததோ ஒரே ஒரு ஆள், பூரணி. ராஜாவுக்குக் கண் மங்கல். தினமும் சபையில் இங்கிலீஷ் பத்திரிகையை விரித்து, அவருக்குத் தமிழில் படித்துச் சொல்வது அவள் வேலை. வாய் கொஞ்சம் நீளம். மூளை அதைவிட நீளம். இரண்டு பாடமும் அவளுக்கு வெல்லமாக இனித்தன.

வாத்தியார்களுக்குத்தான் கசந்தது. பரீட்சை முடிந்த மறுநாளே இருவரும் ராஜாவிடம் வந்து நின்றார்கள்.

"மகாராஜா, நாயகி ஏன் அழுதாள்னு கேட்டேன்" என்றார் இலக்கிய வாத்தியார் ஆசீர்வாதம். "இந்தப் பொண்ணு, 'அவள் அழுதாள் என்பதற்கு என்ன ஆதாரம்?'னு எழுதி வெச்சிருக்கா!"

"என் கதையைக் கேளுங்கோ" என்றார் தத்துவ வாத்தியார் வைத்தீஸ்வர ஐயர். "எதிரே இருக்கிற நாற்காலி நிஜமா இருக்கா, இல்லையான்னு கேட்டேன். இவ, அதுல ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறதாக் கற்பனை பண்ணி, அவரோட முதுகுவலியைப் பத்தி நாலு பக்கம் எழுதியிருக்கா! படிச்சு எனக்கே முதுகு வலிச்சுது!"

"ரெண்டு தோணியில கால் வெச்சா இப்படித்தான்" என்றார் ஆசீர்வாதம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

ராஜா மீசையைத் தடவினார். "பூரணி, ரெண்டு பாடத்துல எது வேணும்னு நாளைக்குச் சபையில சொல்லு. இன்னொண்ணை விட்டுடு. ரெண்டும் சேர்ந்த இந்த வகுப்பையும் மூடிடுவோம்."

இரண்டு கண்ணில் எது வேண்டும் என்று கேட்டால் யார்தான் என்ன சொல்வார்கள்? பூரணி வீட்டுக்குப் போய் ஒரு மூச்சு அழுதாள். அழுதுகொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு முகம் கழுவி, வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாள்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. இரண்டு வாத்தியார்களும் கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"முடிவு பண்ணிட்டியா?" என்றார் ராஜா.

"முதல்ல என் வேலையை முடிச்சிடறேன் மகாராஜா" என்று பத்திரிகையை விரித்தாள் பூரணி. படிக்க ஆரம்பித்தாள்.

"ஆத்தங்கரை ஊர் ஒன்றில் ஒரு பாகனுக்கு வயதாகிவிட்டது. யானையைப் புதுப் பாகனிடம் ஒப்படைத்தார்கள். புதியவன் அதட்டினான், கெஞ்சினான், கரும்பு காட்டினான். யானை குளிக்க இறங்கவில்லை. கிழவன் தூரத்தில் புளியமரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று, மெல்ல இருமினான். அந்த இருமலைக் கேட்டதும் யானை தண்ணீரில் இறங்கியது. அன்றிலிருந்து தினமும் கிழவன் வந்து இருமிவிட்டுப் போனான். ஒருநாள் இருமல் கேட்கவில்லை. யானை கரையிலேயே நின்றது. காதை விரித்து, பொழுது சாயும்வரை நின்றது."

ராஜாவின் மீசை நனைந்துவிட்டது.

"எந்த ஊர் அது?" என்றார் தழுதழுத்து. "கிழவன் குடும்பத்துக்கு நிலம் எழுதி வைங்க! அந்த யானையை நம்ம யானைக் கொட்டாரத்துக்குக் கூட்டிட்டு வாங்க!"

"ஊர் இல்லை மகாராஜா" என்றாள் பூரணி. "கிழவனும் இல்லை, யானையும் இல்லை. பத்திரிகையில இன்னிக்கு மழை பெய்யாத சேதிதான் இருக்கு. இது நான் கட்டின கதை."

ராஜாவின் கண் சிவந்தது. கோபித்துக்கொள்ளத்தான் வாயைத் திறந்தார். வந்ததோ விம்மல்.

"பொய்னு தெரிஞ்ச பிறகும் அழுகை வருதே! இல்லாத யானைக்கு நான் ஏன் அழறேன்? ஐயர்வாள், நீர் சொல்லும்!"

ஐயர் கம்பீரமாக எழுந்தார். "இல்லாத வஸ்துவுக்காக அழறது நியாயமே இல்லை மகாராஜா."

"நியாயம் இல்லைதான். ஆனா அழறேனே!"

ஐயர் ஆசீர்வாதத்தைக் கைகாட்டினார். "அது... அந்த இருமலை எங்கே வெச்சா மனசு உருகும்கிறது ஆசீர்வாதத்தோட இலாகா. அவரைக் கேளுங்கோ."

ஆசீர்வாதம் துள்ளி எழுந்தார். "கதை நல்லா இருந்துச்சு, அதான் அழுதீங்க!"

"நிஜம்னு நினைச்சு அழுதேன், சரி. பொய்னு தெரிஞ்சும் அழுகை நிக்கலையே, அது எப்படி?"

ஆசீர்வாதம் தலையைச் சொறிந்தார். "நிஜம், பொய் எல்லாம் ஐயரோட இலாகா மகாராஜா. அவரைத்தான் கேக்கணும்."

இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, சபை கொல்லென்று சிரித்தது.

பூரணி கைகூப்பினாள். "மகாராஜா, உங்க உத்தரவை நான் மீறலை. அடுத்தவர் உதவி இல்லாம இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்றாரோ, அவர்கிட்ட மட்டும் படிக்கிறேன். அதுவரைக்கும் ரெண்டு பேர்கிட்டயும் படிச்சுக்கிட்டு இருக்கேனே!"

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். வகுப்பு நடக்கட்டும் என்றார். வாத்தியார்கள் இருவரும் ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, அந்த இருமலைப் பற்றி ரகசியக் குரலில் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பூரணி வணங்கிவிட்டு வாசலைத் தாண்டப் போனாள்.

"கொஞ்சம் நில்லு" என்று கூப்பிட்டார் ராஜா. அவள் திரும்பி அருகே வந்ததும், வேறு யாருக்கும் கேட்காதபடி குனிந்து கேட்டார்:

"அந்த யானை ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டுப் போ!"