சுவரில் மூன்று தட்டு

அந்தக் காலத்தில் பல்லி பேசும். ‘இப்போதும்தான் பேசுகிறதே’ என்று முந்திக்கொள்ள வேண்டாம். இப்போது அது போடுவது வெறும் சத்தம். அப்போது பேசியது நம்மைப் போல, சொல் சொல்லாக. காக்கை வழக்குப் பேசிய காலம் அது, ஆடு மழை வேண்டிப் புலம்பிய காலம். கழுதைகூட ஊருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் உருப்படியாகப் பேசியது பல்லி ஒன்றுதான், ஏனென்றால் அதற்கு ஒரு வேலை இருந்தது.

வைகைக்குத் தெற்கே கரிசல் ஊர் ஒன்றில் மூக்காண்டி என்று வெள்ளையடிக்கிறவன் ஒருவன் இருந்தான். அவன் மனைவி ஒச்சாயி சாந்து குழைப்பாள், ஏணி பிடிப்பாள். ஏணியைத் தவிர அவர்கள் சொத்தெல்லாம் ஒரு கடகப்பெட்டிக்குள் அடங்கும். பழைய காரையைப் பெயர்க்க மரப்பிடி போட்ட இரும்புச் சுரண்டி. வெடிப்பில் சாந்து அப்பக் கரண்டி. பூசியதை மெழுக, ஆற்றில் பொறுக்கிய ஒரு கூழாங்கல். வெள்ளை அடிக்க, பனைமட்டையின் அடியைத் தட்டி நாராக்கிய மட்டை. இவற்றோடு ஏணியின் உச்சிப் படியில் உட்கார்ந்தபடி ஒரு பல்லியும் வேலைக்கு வரும். மூக்காண்டி அந்தப் பல்லியைத் தங்கச்சி என்பான். அவள் அவனை அண்ணன் என்றும் ஒச்சாயியை மயினி என்றும் கூப்பிடுவாள்.

சுவரில் அவள் முன்னால் ஓடுவாள். “இங்கன உள்ள மண்ணு விட்டுப் பொக்கா இருக்குண்ணே, சுரண்டிட்டுப் பூசு. இங்கன தேள் கெடக்கு, கையை வச்சிராத” என்று சொல்லிக்கொண்டே போவாள். வெடிப்புக்குள் நுழைந்தும் பார்த்துவிட்டு வருவாள். அதனால் அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்த வெடிப்பை அடைப்பதற்கு முன்னாலும் மூக்காண்டி, “தங்கச்சி, வெளிய வந்துட்டியா?” என்று கேட்க வேண்டும். “வந்துட்டேன், பூசு” என்று அவள் சொன்ன பிறகுதான் கரண்டி சுவரைத் தொடும். ஏழு வருஷம் இந்தக் கட்டுப்பாடு ஒரு நாளும் தவறவில்லை.

எட்டாம் வருஷம் கோடையில் ஊர் அம்பலக்காரர் வைரவன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் கரிசல் மண் இறங்கிப் பதினொரு வெடிப்பு. மாப்பிள்ளை வீட்டாரோ, ‘சுவரே வெடித்த வீட்டில் சம்பந்தமா’ என்று இதற்கு முன் ஒரு வாசலிலிருந்து வண்டியைத் திருப்பியவர்கள். அம்பலக்காரருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. தூக்கமில்லாத பெரிய மனுஷனிடம் வேலை செய்வது கொதிக்கிற உலையைத் தலையில் சுமப்பது மாதிரி.

“பொழுது சாய மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்துருவாக. சுவரு முட்டை ஓடு கணக்கா இருக்கணும். ஒரு கீறல் கண்ணுல பட்டுச்சு, உன் மட்டையை முறிச்சுப் போட்டுருவேன்” என்றார் அவர்.

அது வெறும் மிரட்டல் இல்லை. அம்பலக்காரர் ஒருவனுடைய மட்டையை முறித்தால் சுற்றியுள்ள பதினெட்டு ஊரிலும் அவனைச் சுவர் தொட விடமாட்டார்கள்.

விடியற்காலையில் ஏணி ஏறினான் மூக்காண்டி. சுரண்டினான், கேட்டான், பதில் வாங்கினான், பூசினான். உச்சிப் பொழுது தாண்டியபோது பத்து வெடிப்பு முடிந்திருந்தது. பதினொன்றாவதில் ஏதோ ஊர்வது தெரிந்தது. “தேளான்னு பாரு, தங்கச்சி” என்றான். பல்லி உள்ளே போனாள். வால் நுனியும் மறைந்தது.

அந்த நேரம் பார்த்து அம்பலக்காரர் கூடத்துக்குள் வந்தார். “வண்டி ஆத்தைத் தாண்டிருச்சாம். நீ என்னப்பா இன்னும் சுவத்தைப் பார்த்து நின்னுக்கிட்டு இருக்க?”

மூக்காண்டி மறந்துவிட்டான் என்று சொன்னால் நான் அவனுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று அர்த்தம். அவன் மறக்கவில்லை. கேள்வி நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அம்பலக்காரர் இடுப்பில் கை வைத்து நிற்கும்போது ஒரு பல்லியிடம் உத்தரவு கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ‘வந்திருப்பாள்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கரண்டி நிறையச் சாந்தை அள்ளி வெடிப்பில் அப்பினான்.

அப்புறம் வேலை தலைதெறிக்க ஓடியது. முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்து மேல்பூச்சு பூசினான். கூழாங்கல்லால் மெழுகினான். எங்கே வெடிப்பு இருந்தது, எங்கே அடைத்தான் என்று அவனுக்கே தெரியாதபடி சுவர் பளபளத்தது. அம்பலக்காரர் முதல் தடவையாகச் சிரித்துவிட்டு, வாசல் தோரணத்தைப் பார்க்கப் போனார்.

ஒச்சாயி சாமான்களைக் கழுவிப் பெட்டியில் வைத்தாள். சுரண்டி, கரண்டி, கல், மட்டை. பிறகு நிமிர்ந்து ஏணியின் உச்சிப் படியைப் பார்த்தாள்.

“தங்கச்சி எங்க?”

மூக்காண்டி கையில் ஒட்டிய சுண்ணாம்பை உரித்துக்கொண்டிருந்தான்.

“மாமா, கடைசி வெடிப்பை அடைக்கும்போது கேட்டீகளா?”

“அவ வெளிய வந்திருப்பா, புள்ள.”

“வந்திருந்தா இந்நேரம் இங்கன உக்காந்து நம்ம ரெண்டு பேரையும் வஞ்சுக்கிட்டு இருப்பா. கேட்டீகளா, இல்லையா?”

அவன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். பச்சைச் சுண்ணாம்பு வெற்றிலையில் ஒரு பொட்டு கூடினாலே நாக்கு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். பல்லி ஒரு சுவர் நிறையச் சுண்ணாம்புக்குள் இருந்தாள். போதாததற்கு அந்த வெடிப்புகளெல்லாம் உள்ளுக்குள் எலி வளை மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. ஒரு வாய் அடைபட்டால் அவள் அடுத்த வாயைத் தேடி இருட்டில் ஓடியிருப்பாள். அடுத்த வாயையும், அதற்கடுத்த வாயையும் அடைத்தது அவள் அண்ணன்தான். பதினொன்றும் கச்சிதமாக அடைபட்டிருந்தன.

மூக்காண்டி ஏணியில் ஏறினான். “தங்கச்சி” என்று கூப்பிட்டான். குரல் சுவரில் வழுக்கித் திரும்பி வந்தது. நினைத்த இடத்தில் இடிக்கவும் முடியாது. உள்ளே பெயர்ந்து நிற்கிற மண் அவள் மேலேயே சரிந்துவிடும். அவள் இருக்கும் இடம் தெரிந்து, அங்கே மட்டும் திறக்க வேண்டும். அதற்குள் மேல்பூச்சு இறுகிவிடக் கூடாது. பொழுதோ மேற்குச் சன்னல் வரைக்கும் இறங்கிவிட்டது.

அவன் சுரண்டியைத் தலைகீழாகத் திருப்பி மரப்பிடியால் சுவரில் தட்டினான். ஒரு சொல்லுக்கு ஒரு தட்டாக மூன்று தட்டு. தங்கச்சி, வெளிய, வந்துட்டியா. காதை வைத்துக் கேட்டான். ஒன்றும் இல்லை. ஒரு முழம் தள்ளித் தட்டினான். ஒன்றும் இல்லை. கண்மாய்க்கரைப் பக்கம் மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

“மேளம் வந்திருச்சு மாமா” என்றாள் ஒச்சாயி, ஏணியைப் பிடித்தபடி.

இன்னும் ஒரு முழம். மூன்று தட்டு. இப்போது சுவருக்குள்ளிருந்து, மிக மெல்ல, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற மாதிரி ஒரு சத்தம். ச்சு, ச்சு, ச்சு.

அவள் சத்தம்தான். ஆனால் சொல் இல்லை. மூக்காண்டிக்குக் கண்ணீர் முட்டியது. துடைக்க நேரமில்லை. இடப்பக்கம் தட்டினான், சத்தம் தேய்ந்தது. வலப்பக்கம் தட்டினான், கிட்டத்தில் வந்தது. மேளம் தெருமுனைக்கு வந்துவிட்டதால் காது உதவவில்லை. காதை எடுத்துவிட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். தட்டினான். கைக்குக் கீழே ஒரு துடிப்பு வந்தது. மறுபடி தட்டினான். துடிப்பு முன்னைவிட மெலிந்திருந்தது.

அம்பலக்காரர் உள்ளே வந்தார். ஏணி மேல் ஆளைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. “எதுக்குடா தட்டுற?”

“உள்ள தங்கச்சி இருக்குய்யா. பல்லி. வச்சு அடைச்சுட்டேன்.”

“பல்லியா? மாப்பிள்ளை வீடு வாசல்ல நிக்குது, இவனுக்குப் பல்லியாம். இறங்குடா.” அவர் ஏணியின் ஒரு காலைப் பிடித்தார்.

ஒச்சாயி அடிப்படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள். “அசைச்சா ஆளு விழுந்துருவாருய்யா. கல்யாண வீட்டுல சாவு விழும். யோசிச்சுக்கங்க.”

அம்பலக்காரர் கையை எடுத்தார். ஆனால் குரலை எடுக்கவில்லை. “ஒரு கீறல் விழுந்தா மட்டை முறியும்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்குய்யா” என்றான் மூக்காண்டி. “மட்டை பெட்டிக்குள்ளதான் இருக்கு, எடுத்துக்கங்க.” சொல்லிவிட்டுச் சுரண்டியைத் திருப்பிப் பிடித்து, இரும்பு முனையைத் தன் உள்ளங்கை இருந்த இடத்துக்கு ஒரு விரல் கீழே வைத்து அழுத்தினான்.

முட்டை ஓடு கணக்கான சுவரில் வாழைப்பூ அளவுக்கு ஒரு பத்தை பெயர்ந்து தரையில் விழுந்து உடைந்தது. அதே நேரம் கீழே பனைமட்டை முறிகிற சத்தமும் கேட்டது. அம்பலக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

ஓட்டையிலிருந்து பல்லி வந்தாள். உடம்பெல்லாம் வெளுத்து, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. மூக்காண்டியைப் பார்த்து வாயைத் திறந்தாள். ஏதோ நீளமாகச் சொல்ல வந்தாள். ச்சு, ச்சு, ச்சு. அவ்வளவுதான் வந்தது. சுண்ணாம்பு நாக்கைத் தின்றுவிட்டிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்ததும் அவர் கண் நேராகச் சுவரின் ஓட்டைக்குப் போனது. “இதென்ன சம்பந்தி, சுவத்துல ஓட்டை?”

அம்பலக்காரர் முறிந்த மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஓட்டை வாயில் உட்கார்ந்திருந்த பல்லி மறுபடி ச்சு என்றாள். மூக்காண்டி பழக்கத்தில் மூன்று தட்டுத் தட்டினான். அதைப் பார்த்ததும் அம்பலக்காரருக்கு வழி பிறந்தது.

“அது ஓட்டை இல்லீக. பல்லி வாசல். எங்க வீட்டுப் பல்லி சகுனம் சொல்லும். பாருங்க, நீங்க காலை வச்சதும் சொல்லிருச்சு, நல்லதுன்னு” என்று சொல்லி, தாமும் போய் விரலை மடக்கிச் சுவரில் மூன்று தடவை தட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா தமக்கும் இந்த வழக்கம் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டுமே, அவரும் தட்டினார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வரிசையாகத் தட்டினார்கள். ஏழை சொன்னால் பொய், பெரிய மனுஷன் சொன்னால் சாஸ்திரம். பல்லி கிழக்கே சொன்னால் என்ன பலன், தெற்கே சொன்னால் என்ன பலன் என்று பந்தி முடிவதற்குள் பட்டியலே போட்டுவிட்டார்கள். கல்யாணம் நடந்தது. மூக்காண்டியை அதற்குப் பிறகு யாரும் விரட்டவில்லை. பல்லி வாசல் வைக்கத் தெரிந்தவன் ஆயிற்றே, மறுவாரமே ஆள் அனுப்பினார்கள்.

ஆனால் அன்று அவன் தொழுவத்துப் பக்கம் ஏணியைச் சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதான். பல்லி பக்கத்துத் தூணில் இருந்தாள்.

“என்ன சொல்ற தங்கச்சி? வையிறியா? வஞ்சிரு. நான் கேட்டிருக்கணும்.”

ச்சு, ச்சு, ச்சு.

வைதாளா, பரவாயில்லை என்றாளா, அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. சுரண்டியைத் திருப்பித் தூணில் மூன்று தட்டுத் தட்டினான். அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு தூணிலிருந்து ஏணிக்குத் தாவி, உச்சிப் படியில் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான் பல்லி சத்தம் போட்டால் நாம் விரலை மடக்கித் தட்டுகிறோம், நல்லது சொன்னதா கெட்டது சொன்னதா என்று தலையைச் சொறிகிறோம். அன்று முதல்தான் வெள்ளையடிக்கிறவன் சுவரில் இரும்பை வைக்கும் முன் சுரண்டியைத் திருப்பிப் பிடித்து மூன்று தட்டுத் தட்டிவிட்டு, ஒரு கணம் சும்மா நிற்கிறான். எதற்கு என்று கேட்டால், உள்ளே பொக்கா என்று பார்க்கிறேன் என்பான். பொக்கு பார்க்க ஒரு தட்டு போதும். மூன்று தட்டும் அந்த ஒரு கணமும், மூக்காண்டி கேட்காமல் விட்ட கேள்வி.