சுழியன் யாருக்கு ஆடுவான்?

ஒரு காட்டில் என்றுதான் கதையைத் தொடங்க வேண்டும். ஆனால் பிள்ளைகளே, இந்தக் கதைக்கு ஒரு காடு போதாது. இரண்டு காடு வேண்டும். ஆற்றுக்கு இந்தக் கரையில் தேக்கங்காடு. அந்தக் கரையில் ஈச்சங்காடு.

தேக்கங்காடு பெரியது. அங்கே புலி உண்டு, காட்டெருமை உண்டு, வாய் ஓயாத குரங்குக் கூட்டம் உண்டு. ஈச்சங்காடு சின்னது. முள்ளும் புதரும்தான் அதன் சொத்து.

கோடையில் ஆறு வற்றி மணல் தெரிந்ததும் இரண்டு காடும் அந்த மணலில் இறங்கிப் பந்தாடும். முற்றிய பம்பளிமாஸ் காய்தான் பந்து. யானைதான் நடுவர். மூங்கில் கழியைத் தும்பிக்கையில் பிடித்து அது மணலில் கோடு கிழிக்கும். அது பிளிறினால் ஆட்டம் தொடங்கும், மறுபடி பிளிறினால் முடியும். முள்ளம்பன்றி மட்டும் பந்தைத் தலையால் முட்டக் கூடாது. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு காட்டுக்காக ஒருமுறை கோட்டுக்குள் கால் வைத்துவிட்டால், ஆயுள் முழுக்க அந்தக் காட்டுக்குத்தான் ஆட வேண்டும். அப்புறம் மாற முடியாது. அழுது புரண்டாலும் முடியாது, யானையின் காலில் விழுந்தாலும் முடியாது.

மற்றவர்களுக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. பிறந்த காடு எதுவோ அதற்கு ஆடுவார்கள். தொல்லை எல்லாம் நம் சுழியனுக்குத்தான்.

சுழியன் ஒரு சருகுமான் குட்டி. மான் சாதியிலேயே பொடிசு அது. முயலுக்குப் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடுவீர்கள். அவன் அப்பா தேக்கங்காட்டுக்காரர், அம்மா ஈச்சங்காட்டுக்காரி. வீடோ இரண்டு காட்டுக்கும் நடுவில், ஆற்றுத் திட்டில் ஒரு நாணல் புதருக்குள். இரு என்றால் இருக்க மாட்டான், நில் என்றால் நிற்க மாட்டான். ஆனால் இடது பின்னங்காலால் ஒரு உதை விட்டான் என்றால், காய் வாழைப்பழம் போல வளைந்து போய் நினைத்த இடத்தில் விழும். இந்தக் கோடையில்தான் அவனுக்கு ஆடும் வயது வந்திருந்தது. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலில் வந்தது நரி. தேக்கங்காட்டு அணிக்கு ஆள் பிடிப்பது அதன் வேலை. தந்திரத்தில் நரியை மிஞ்ச ஆள் உண்டா? வரும்போதே ஒரு குலை காட்டு மாம்பழத்தை இழுத்துக்கொண்டு வந்தது. சுழியனின் அப்பாவுக்கு ஒரு கும்பிடு, அம்மாவுக்கு இரண்டு கும்பிடு போட்டது.

"தங்கமே, உன் உடம்புல ஓடுறது எங்க காட்டு ரத்தம். நீ எங்க பிள்ளை. எங்களுக்கு ஆடாம வேற யாருக்கு ஆடப் போற? வந்து ஒரு தடவை பாரேன்" என்றது.

அப்பாவின் காது இரண்டும் பெருமையில் விடைத்துக்கொண்டன. தான் அந்தக் கோட்டுக்குள் கால் வைக்க எத்தனை கோடை ஏங்கியிருந்தார் என்று அவருக்குத்தான் தெரியும். அம்மாவோ அந்த மாம்பழத்தைத் தொடவே இல்லை.

சுழியன் போய்ப் பார்த்தான். அடேயப்பா, என்ன வரவேற்பு! குரங்குகள் மரத்துக்கு மரம் தாவி அவன் பெயரைச் சொல்லிக் கத்தின. காட்டெருமை அவனைப் பார்த்துத் தலையசைத்தது. புலிகூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. சுழியனின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இப்போதே கோட்டைக் கிழியுங்கள், இப்போதே கால் வைக்கிறேன் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் பெரிய ஆலமர நிழலில் ஒரு வரிசை கண்ணில் பட்டது. ஒரு கீரி, ஒரு முயல், இரண்டு புள்ளிமான், இன்னும் சிலர். எல்லோரும் இளவட்டம்தான். எல்லோருக்கும் முன்னால் பழம் குவிந்திருந்தது. எல்லோருக்கும் தொந்தி விழுந்திருந்தது.

யார் இவர்கள் என்று கேட்டான். அவர்களும் நம் ஆட்டக்காரர்களே என்று சொல்லிவிட்டு, நரி வேறு யாரையோ வரவேற்கப் போய்விட்டது. சுழியன் மெல்ல முயலிடம் போனான்.

"நீங்க எப்ப ஆடினீங்க அண்ணே?"

"ரெண்டு கோடைக்கு முன்னால. கடைசி நேரத்துல கோட்டுக்குள்ள ஒரு அடி வச்சேன், யானை பிளிறிடுச்சு. ஆட்டம் முடிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பழத்துக்கு ஒரு குறைச்சலும் இல்ல" என்று முயல் அடுத்த பழத்தைக் கடித்தது. அதன் அம்மாவும் ஈச்சங்காட்டுக்காரி என்று சுழியனுக்குத் தெரியும்.

மறுநாள் திட்டுக்கு உடும்பு வந்தது. ஈச்சங்காட்டு அணிக்கு அதுதான் தலைவி, அதுதான் கோல்காப்பாளரும். ஒன்றைப் பிடித்தால் விடாது. உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் வாயில் தேன் தடவிப் பேச அதற்கு வராது. வந்தது, உட்கார்ந்தது, காயைச் சுழியனின் காலடியில் உருட்டிவிட்டது.

சுழியன் துள்ளினான், சுழன்றான், கல்லையும் கட்டையையும் எதிராளிகளாக நினைத்துக்கொண்டு வளைத்து வளைத்து ஓடினான். உடும்பு கடைசிவரை பார்த்தது.

"உதை நல்லா இருக்கு. ஆனா காயை நீயே கட்டிக்கிட்டு அழுற. கூட ஆடுறவனுக்குக் கொடுக்கத் தெரியல" என்றது.

சுழியனுக்கு முகம் தொங்கிவிட்டது. நேற்று புலியே கண்ணைத் திறந்து பார்த்த ஆள் அல்லவா அவன்!

"வந்தா இடது ஓரம் உனக்கு. அங்க எங்களுக்கு ஆளே இல்ல. தோத்தாலும் தோப்போம், எத்தனை வருஷமாத் தோக்குறோம்னு எண்ணுறதையே விட்டுட்டோம். யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு உடும்பு வந்த வழியே போய்விட்டது.

பிள்ளைகளே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். சுழியனின் மனம் முக்கால்வாசி தேக்கங்காட்டுக்கு ஓடிவிட்டது. ஆனால் மிச்சம் இருந்த கால்வாசியில் அந்த முயலின் தொந்தி வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. ஒரே ஒரு அடி. தப்பான பக்கம் வைத்துவிட்டால் இந்தக் கால் இனி பழம் தின்னப் போகும்போது மட்டும்தான் நடக்கும்.

அப்பாவிடம் கேட்டான். ஆடப்போவது நீ, நீயே முடிவு பண்ணு என்றார் அவர். சொல்லும்போது அவர் கண் மட்டும் தேக்கங்காட்டுப் பக்கம் போய் வந்தது. அம்மாவிடம் கேட்டான். பசித்த வயிற்றோடு முடிவு எடுக்காதே என்று சொல்லி இளம்புல்லை முன்னால் வைத்தாள். சுழியன் புல்லை மென்றுகொண்டே யோசித்தான். மென்று முடிக்கும்போது அவனுக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது.

ஆட்ட நாள் வந்தது. ஆற்று மணலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். யானை கோடு கிழித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுழியன் வந்தான். எப்படி வந்தான்? இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு, மூன்று காலில் நொண்டி நொண்டி வந்தான். அப்பாவும் அம்மாவும் பதறிப்போனார்கள். அவன் அவர்களைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

முதலில் உடும்பிடம் போனான்.

"அக்கா, கால் பிசகிடுச்சு. ஓட முடியாது."

உடும்பு அவன் காலையே பார்த்தது. அதன் முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றம். ஆனாலும் மறுகணம் கோபம்தான் வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? இந்தக் காலோட ஏன் இவ்வளவு தூரம் நடந்து வந்த? போய்ப் படு, போ. கோட்டுப் பக்கமே வராத. இடது ஓரம் காலியாவே இருக்கட்டும், நாங்க ஒரு ஆள் குறைச்சலா ஆடிக்குறோம். கால் ஆறினப்புறம் யாருக்கு ஆடணுமோ ஆடு."

சுழியன் நொண்டியபடியே நரியிடம் போனான்.

"மாமா, கால் பிசகிடுச்சு. ஓட முடியாது."

"அட, அதுக்கென்ன!" என்றது நரி. அதன் கண் யானையின் மேல் இருந்தது. எந்த நொடியும் பிளிறிவிடும். "ஓட யாரு சொன்னா? கோட்டுக்குள்ள ஒரு காலை வை. நொண்டிக் காலா இருந்தாலும் பரவாயில்ல. யானை பாத்துட்டா போதும், அப்புறம் நிழல்ல போய் உக்காந்துக்கோ."

"கால் ஆறினப்புறம் நான் எந்தப் பக்கம் ஆடணும் மாமா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தங்கம். சீக்கிரம் கால வை."

"வலது ஓரமா, இடது ஓரமா?"

நரிக்குப் பொறுமை பறந்துவிட்டது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்றைக்கு நரிக்கே அது பொருந்தியது.

"எங்ககிட்ட ஓட ஆள் நிறைய இருக்குடா! நீ அந்தப் பக்கம் போகாம இருந்தா அதுவே எங்களுக்குப் பாதி ஜெயிச்ச மாதிரி. வை காலை!"

சுழியன் காலை வைத்தான். கோட்டுக்குள் அல்ல, தான் நின்ற மணலில். தூக்கியிருந்த இடது பின்னங்காலை மெல்ல இறக்கி, நாலு காலிலும் நிமிர்ந்து நின்றான்.

"கால் ஆறிடுச்சு மாமா" என்றான்.

நரி வாயைத் திறப்பதற்குள் ஓடினான். மைதானத்தைச் சுற்றி, குரங்குகளின் வாலை மிதித்து, ஆமைகளைத் தாண்டி, மூச்சு வாங்க உடும்பின் பக்கம் வந்து ஒரே தாவாகக் கோட்டுக்குள் குதித்தான். நாலு காலும் உள்ளே! யானை பார்த்தது, தலையசைத்தது, பிளிறியது.

உடும்பு அவன் காலைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. எல்லாம் புரிந்துவிட்டது போலும். "உன்னை ஆட்டம் முடிஞ்சதும் வச்சுக்குறேன். இடது ஓரத்துக்கு ஓடு" என்றது.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே மூச்சு வாங்குகிறது. தேக்கங்காட்டுக் காட்டெருமை வந்த வேகத்தில் மணல் புழுதியாக எழும்பியது. முதல் கோல் அதுதான் போட்டது. உடும்பு பாய்ந்தும் எட்டவில்லை. குரங்குகளின் கூச்சலில் காது கிழிந்தது. இரண்டாவதாகப் புலி அடித்த காயை உடும்பு தாவிப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. காய் நசுங்கியதே தவிர, பிடி நழுவவில்லை.

புதுக் காய் வந்தது. இடது ஓரத்தில் சுழியனிடம் வந்தது. அவன் ஓடினான். காட்டெருமை வழியை மறித்து நின்றது. சுழியன் அதன் வயிற்றுக்கு அடியிலேயே புகுந்து போய்விட்டான்! எதிரே கோலுக்கு எல்லையாக நின்ற இரண்டு மரம். உதைக்கலாம் என்று காலை ஓங்கியவனுக்கு உடும்பின் சொல் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் முள்ளம்பன்றி தனியாக நின்றது. தட்டிவிட்டான். முள்ளம்பன்றி காலால், கவனியுங்கள், காலால்தான், உதைத்தது. கோல்!

ஒன்றுக்கு ஒன்று. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. யானை தும்பிக்கையைத் தூக்கப் போகிறது. மறுபடியும் இடது ஓரம். மறுபடியும் சுழியன். இந்த முறை பக்கத்தில் யாரும் இல்லை. புலிதான் பின்னாலேயே வந்தது, அதன் மூச்சு வாலில் சுட்டது. சுழியன் இடது பின்னங்காலால் ஒரு உதை விட்டான். காய் மேலே போயிற்று, வெளியே போவது போலப் போயிற்று, வளைந்தது, வளைந்து திரும்பி இரண்டு மரத்துக்கும் நடுவில் விழுந்தது.

யானை பிளிறியது. ஈச்சங்காடே மணலில் இறங்கி ஆடியது.

தேக்கங்காட்டுக் கரையில் மட்டும் எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரைத் தவிர. கூட்டத்தின் நட்டநடுவில் சுழியனின் அப்பா தலைகால் தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தார். நரிக்கு அதைப் பார்த்து எரிச்சல் தாங்கவில்லை.

"நீ எந்தக் காட்டு ஆளய்யா?" என்று உறுமியது.

"தேக்கங்காடுதான்" என்றார் அவர், குதிப்பதை நிறுத்தாமல். "ஆனா அங்க ஆடுறது என் புள்ள."

நீதி: உன் திறமைக்கு இடம் வைத்து அழைப்பவரிடம் போ, நீ எதிராளிக்குக் கிடைக்கக் கூடாது என்று அழைப்பவர் உன்னை மூலையில்தான் உட்கார வைப்பார்.