நடுகல்லுக்கு விறகு

தீர்த்தகிரிக்குப் பிடித்த காலம் ஒன்று உண்டு. தருமபுரிப் பக்கத்துக் குன்றுகளைச் சிற்றரசர்கள் ஆண்ட காலம். அதில் தான் பிறக்காமல் போனது அவருக்குத் தீராத குறை. ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்டார்கள் என்று சொல்லும்போதே அவர் கை தானாகக் குவியும். காட்டில் புதிதாக ஒரு நடுகல் தென்பட்டுவிட்டால் போதும், வீட்டில் சோறு ஆறிப்போகும், மனுஷன் வரமாட்டார்.

மலையடிவாரத்து ஆசிரமத்தில் இருந்த பூங்காவனம்தான் அவருடைய குரு. வயதில் அவரைவிடச் சின்னவள். மூத்தவர் என்று அவள் அவரை அண்ணா என்பாள். குரு என்று அவர் அவளை அம்மா என்பார்.

ஒருநாள் காலையில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னண்ணா?"

"நவமணி விஷயம்தாம்மா."

நவமணி அவருடைய ஒரே மகள். போன வருஷம் லாரி மோதிப் புருஷனைப் பறிகொடுத்தவள். பட்டுக்கூடு அங்காடியில் அவளோடு வேலை பார்க்கும் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். அவளுக்கும் சம்மதம். சாயங்காலம் அவன் வீட்டார் பதில் கேட்க வருகிறார்கள்.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"முடியாதுன்னுதான். ஏரிக்கரைக் கல்லுல நிக்கறாளே, அவளப் பாருங்கம்மா. புருசன் செத்த அன்னைக்கே அவனோட நெருப்புல ஏறிட்டா. கை நெறைய வளையலோட இன்னைக்கும் நிக்கறா. அந்த உறுதி இப்ப யாருகிட்ட இருக்குது? காலம்னா அது காலம்!" சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பூங்காவனம் எழுந்தாள்.

"வாங்க, அந்தக் கல்லுக்கே போவோம். கொட்டாயில இருந்து ஒரு கட்டு விறகு எடுத்துக்குங்க."

அம்மா கல்லுக்குப் பொங்கல் வைக்கப் போகிறாள் என்று தீர்த்தகிரி அவராகவே நினைத்துக்கொண்டார். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய கட்டாகப் பார்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

ஏரிக்கரைக் கல்லில் வாளோடு ஒருவன். பக்கத்தில் ஒரு கையை உயர்த்தியபடி ஒரு பெண். தீர்த்தகிரி துண்டால் அவள் முகத்துத் தூசியைத் துடைத்துவிட்டார்.

"விறகு பத்தாதுண்ணா," என்றாள் பூங்காவனம்.

அவர் போய் இன்னொரு கட்டு கொண்டுவந்தார்.

"இன்னும் வேணும்."

வேர்த்து விறுவிறுத்து மறுபடியும் சுமந்து வந்தார். பொங்கலுக்கு இவ்வளவு எதற்கு என்று மனசுக்குள் ஓடியது. குரு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

"நீளவாக்குல அடுக்குங்க."

"எவ்ளோ நீளத்துக்கும்மா?"

"நவமணி உசரத்துக்கு."

கையில் இருந்த கட்டை நழுவி அவர் கால்மேலேயே விழுந்தது. வலி தெரியவில்லை. அம்மாவின் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

"என்ன பேச்சும்மா இது! வாயில வரலாமா இந்த வார்த்தை? அவ எம்பொண்ணு!"

"இவ யாரு பொண்ணு?" பூங்காவனம் கல்லைக் காட்டினாள்.

தீர்த்தகிரி வாயைத் திறந்தார். அந்தக் கல்லின் காலம் அவருக்குத் தெரியும், அரசன் பேர் தெரியும், செத்தவன் பேரும் அவன் ஊரும் தெரியும். அவளுக்கு ஒரு அப்பா இருந்திருப்பான் என்று மட்டும் இத்தனை வருஷத்தில் தோன்றியதே இல்லை. அது இப்போதுதான் தோன்றியது. அடுக்கிய விறகுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவங்கப்பன் அன்னைக்கு இங்கதாம்மா இருந்திருப்பான்?"

"இருந்திருப்பான்."

"பெத்தவன் ஆச்சே. தடுத்திருக்க மாட்டானா?"

பூங்காவனம் குனிந்து அவர் தோளில் ஒட்டியிருந்த மரப்பட்டையைத் தட்டிவிட்டாள்.

"இவ்ளோ விறகு சுமந்தீங்களே அண்ணா, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"