மூன்றாவது குழி

அறவாழிக்கு வயது ஐம்பத்தேழு. அவருடைய குரு வேலம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மாநிலம் முழுவதற்கும் குப்பைத் திட்டம் எழுதுகிற பெரிய அதிகாரி, மலையடி மடத்தில் தன்னைவிடச் சின்னவர் முன் கைகட்டி நிற்கிறாரே என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் கனத்த கோப்போடு வந்தார்.

“அம்மா, இருபத்தஞ்சு வருஷத்துக்கான திட்டம் இது. குப்பையே சேராம தடுக்கிறது எப்படிங்கிறது முதல் அத்தியாயம். மேலே இருக்கிறவங்க அதை எடுத்துடச் சொல்றாங்க.”

“ஏனாம்?”

“கிடங்கு கட்டினா திறப்பு விழா நடத்தலாம். மறுசுழற்சி ஆலை கட்டினா போட்டோ எடுக்கலாம். சேராத குப்பையை யாருக்குக் காட்டுறதுன்னு கேக்கிறாங்க. எனக்குப் பதில் தெரியல. அந்த அத்தியாயம் போச்சுன்னா ஏழு ஊர்ல புதுசா கிடங்கு வரும். இருந்தா ரெண்டே போதும். திங்கட்கிழமை கூட்டம்.”

“மூணு நாள் இருக்கே. மத்தியானம் பந்தி முடிஞ்சதும் இலை எடுங்க.”

மடத்தில் தினமும் முந்நூறு பேருக்கு அன்னதானம். பரிமாறுகிறவர் குஞ்சிதபாதம். யாராவது இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தால், விரலிடுக்கு வழியாகவே சோற்றைத் தள்ளிவிடுவார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

அறவாழி இலை எடுத்தார். பாதிச் சோறு இலையிலேயே கிடந்தது. இலைகளை மாடுகள் தின்றன. சோற்றை அவ்வளவு கொடுத்தால் மாட்டுக்கு வயிறு ஊதிவிடும். அதனால் அது பின்புறக் குழிக்குப் போனது. குழி ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“என்ன செய்யலாம்?” என்றார் வேலம்மை.

“இன்னொரு குழி வெட்டி மக்க வைக்கலாம்மா.”

“வெட்டுங்க.”

வெட்டினார். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. மறுநாள் பந்தி முடிந்தபோது அந்தக் குழியும் நிரம்பிவிட்டது. அவருக்கு அழுகையே வந்தது.

“அடுத்தது எங்க?”

சுற்றிப் பார்த்தார். ஒருபக்கம் கிணறு, ஒருபக்கம் மாட்டுக்கொட்டகை. மிச்சம் இருந்தது கத்திரிப் பாத்தி மட்டும். காய் பிடித்து நின்றது.

“இங்கதான்மா இடம் இருக்கு.”

“அப்ப வெட்டுங்க.”

மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். முதல் செடி ஒருபக்கம் சாய்ந்தது. இரண்டாம் முறை ஓங்கிய கை இறங்கவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நேரே சமையல்கட்டுக்குப் போனார்.

“நாளைக்கு உலையில அரிசியைக் குறைங்க. சோறு நான் போடறேன். கேட்டுப் போடுவேன்.”

குஞ்சிதபாதத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “சார், போதும்னு சொல்றது அவங்க மரியாதை. அதுக்கு மேல போடறது நம்ம மரியாதை. கேட்டுப் போட்டா அது ஓட்டல்.”

“கேக்கிறவங்களுக்குப் பத்து தடவை போடுவேன். மறிக்கிற கைக்குப் போட மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவர் வாளியைத் தூக்கினார். “இன்னும் போடட்டுங்களா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். மடத்துக்கும் கை சுருங்கிப்போச்சு என்று ஒருவர் அவர் காதில் விழும்படியே சொன்னார். சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த இலைக்குப் போய்க் குனிந்து கேட்டார். லாரி ஓட்டுநர் ஒருவர் ஐந்து முறை வாங்கிச் சாப்பிட்டார். ஐந்து முறையும் போட்டார். இடுப்பு விட்டுப்போனது. யாரும் பசியோடு எழுந்திருக்கவில்லை.

இலைகள் வழித்துத் துடைத்தாற்போல இருந்தன. குழியில் கொட்ட வந்த குஞ்சிதபாதம், காலி அண்டாவோடு திரும்பிப் போனார்.

மாலையில் அறவாழி கோப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வேலம்மை கத்திரிப் பாத்தி ஓரம் நின்றிருந்தார்.

“அத்தியாயத்தை எடுக்கப் போறதில்லம்மா. என்னை எந்த மூலைக்கு மாத்தினாலும் சரி.”

“சரி.”

“ஆனா அவங்க கேட்ட கேள்வி அப்படியே நிக்குதே. நிரம்பின ரெண்டு குழியைக் காட்டிடலாம். இன்னிக்கு நான் செஞ்சதுக்குக் காட்ட ஒண்ணுமே இல்லையே.”

வேலம்மை பாத்திக்குள் இறங்கினார். சாய்ந்து கிடந்த செடியை நிமிர்த்தி மண் அணைத்தார். அதிலிருந்து ஒரு காயைப் பறித்துக் கோப்பின் மேல் வைத்தார்.

“இதுதான் மூணாவது குழி. கொண்டுபோய்க் காட்டுங்க.”