முற்றத்துக் கல்லைப் பிளந்த தண்ணீர்

முன்னொரு காலத்தில், காக்கைகூடப் பறக்க யோசிக்கும் உயரத்தில் ஒரு மலைநாடு இருந்தது. அதை ஆண்டவன் அதிரவேள். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொன்னவரைப் பாறை விளிம்பிலிருந்து உருட்டிவிடுவான். அங்கேயே குடியிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்!

அரண்மனை முன்னால் பெரிய முற்றம். அதற்குக் கல் பாவியவன் கொற்றன் என்ற கல்தச்சன். வேலை முடிந்த அன்றே அரசன் சொல்லிவிட்டான்: "ஒரு கல் வெடித்தாலும் அடுத்து உருள்வது நீதான்."

மார்கழி பிறந்தது. சமவெளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அரசி, தாய்வீட்டு வழக்கப்படி தினமும் விடியலில் முற்றத்தைக் கழுவிக் கோலம் போடச் சொன்னாள். நீர் சுமக்கும் செம்பி குடம் குடமாக ஊற்றினாள்.

கொற்றனுக்குப் பகீரென்றது. கல்லிடுக்கில் இறங்கும் நீர் அந்தக் குளிரில் உறையும், உறைந்தால் பருக்கும், பருத்தால் கல்லைப் பிளக்கும். மலைக்குடிகள் யாரும் குளிர்காலத்தில் முற்றத்தில் தண்ணீர் விடமாட்டார்கள். ஆனால் அரசி சொன்னதைத் தப்பென்று யார் சொல்வது? வாயைப் பொத்திக்கொண்டான்.

முதல் வாரம் ஒரு கல் வெடித்தது. மெழுகு தேய்த்து மறைத்தான். இரண்டாம் வாரம் மூன்று வெடித்தன. மெழுகில் கல்பொடி கலந்து மறைத்தான். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே தூக்கிவாரிப்போட்டது.

மூன்றாம் வாரம் அரசன் காலடியிலேயே ஒரு கல் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அரசன் குப்புற விழுந்தான்.

"யார் செய்த வேலை இது?"

மந்திரி முந்திக்கொண்டான். "செம்பிதான் அரசே! தண்ணீரில் சூனியம் வைத்திருக்கிறாள்."

வீரர்கள் அவளை விளிம்புக்கு இழுத்துப் போனார்கள். "நான் ஒண்ணும் பண்ணலியே சாமி! சொன்னதைத்தானே செஞ்சேன்!" என்று அலறினாள்.

கொற்றன் தப்பித்தான். பேசாமல் இருந்தால் போதும். அட, மனசு என்று ஒன்று இருக்கிறதே! ஓடிப்போய் அரசன் முன் விழுந்தான்.

"அவ மேல தப்பில்லை அரசே. தண்ணி உறைஞ்சுதான் கல்லு பிளந்துச்சு. எனக்கு முதல் நாளே தெரியும்."

அரசன் நம்பவில்லை. கொற்றன் ஒரு மண்கலயத்தில் நீர் நிரப்பி, வாயை இறுக அடைத்து முற்றத்தில் வைத்தான். மறுநாள் விடியலில் கலயம் துண்டு துண்டாகக் கிடந்தது. நடுவில் பனிக்கட்டி நின்றது.

"தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?" என்று அரசன் கர்ஜித்தான்.

"உங்களுக்குப் பயந்துதான்."

அரசன் முற்றத்தில் கூடியிருந்தவர்களைப் பார்த்தான். "வேறு யாருக்கு இது தெரியும்?"

காவலில் நின்ற செம்பி முதலில் கை தூக்கினாள். காவலன் தூக்கினான். சமையற்காரன் தூக்கினான். முற்றம் முழுக்கக் கைகள். கடைசியில், தலையைக் குனிந்தபடி மந்திரியும் தூக்கினான்.

அத்தனை பேரையும் உருட்டிவிட்டால் யாரை ஆள்வது? அதிரவேளுக்கு வாழ்நாளில் முதன்முறையாகப் பயம் வந்தது. செம்பியை விட்டுவிடச் சொன்னான். கொற்றனைத் தொடவில்லை. பனி போகும்வரை முற்றத்தில் வைக்கோல் பரப்பினார்கள். வெயில் வந்ததும் கொற்றன் இடுக்குகளையெல்லாம் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, நீர் நிற்காமல் ஓட வாட்டம் வைத்தான்.

உண்மை சொல்கிறவர்களை மிரட்டி வைக்கும் அரசனுக்கு, ஊருக்கே தெரிந்த ஆபத்தும் கீழே விழுந்த பிறகுதான் தெரியும் என்பதே இக்கதை சொல்லும் நீதி.