பன்னிரண்டு நொடிக் காட்சியில் ஒரு நாற்காலி

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. தேவசகாயத்தின் குருவுக்கு வயது முப்பத்தொன்று, பெயர் மெஹர்நிஷா. கணினியில் பொம்மைகளை நடமாடவிடும் ஒரு ஸ்டூடியோவில் தலைமை அனிமேட்டர். சீடனுக்கு ஐம்பத்தாறு.

அரசு அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர், மனைவி ரோஸ்லின் இறந்த மூன்றாம் மாதம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். கலை ஆர்வம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். உண்மையில் அவருக்கு வீட்டில் பகல் போகவில்லை.

அவர் கையில் முதன்முதலாகத் தனியாகக் கொடுத்த காட்சி பன்னிரண்டு நொடி. மனைவியை இழந்த ஒரு முதியவர் சாப்பாட்டு மேசைக்கு வருகிறார், உட்காருகிறார், தண்ணீர் குடிக்கிறார். அவ்வளவுதான். மூன்று தடவை செய்து காட்டியும் மெஹர்நிஷா தலையை ஆட்டிவிட்டாள். இன்று மாலையோடு பயிற்சிக் காலம் முடிகிறது. காட்சி தேறாவிட்டால் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

அவரும் சும்மா இருக்கவில்லை. முதியவரின் தோளைத் தொங்கவிட்டார், பெருமூச்சு விடவைத்தார். கண்ணில் நீர் வைத்து, உதட்டையும் துடிக்கவைத்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாக, முதியவர் பல்வலிக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

"என்னதான் குறையுது மேடம்? தனிமைய எப்படிக் காட்டுறது?"

மெஹர்நிஷா திரையை உற்றுப் பார்த்தாள். "மேசைக்கு ரெண்டு நாற்காலி குடுத்திருந்தோமே சார்?"

"ஒண்ண மறைச்சு வெச்சுட்டேன். தனி ஆளுக்கு ரெண்டு எதுக்கு?"

அவள் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனாள். ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் ஜக். எந்தக் காட்சியையும் செய்யும் முன் தாங்களே நடித்துப் படம்பிடித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். தேவசகாயம் கூச்சப்பட்டு இத்தனை நாள் தட்டிக்கழித்து வந்தார். இன்று நடித்தார். முகத்தைத் தொங்கப்போட்டு, நெஞ்சைத் தடவி, பார்க்கச் சகிக்கவில்லை.

"போதும் சார். மணி ரெண்டாச்சு, டிபன் பாக்ஸ எடுத்துட்டு வந்து சாப்பிடுங்க. கேமரா பாட்டுக்கு ஓடட்டும், அத மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

தானே கிளறிய எலுமிச்சைச் சோறு, உப்புக் கொஞ்சம் தூக்கல். சாப்பிட்டு முடித்தார். அரை மணி கழித்து அவள் வந்தாள். இருவருமாகப் பதிவைப் பார்த்தார்கள்.

திரையில் ஒரு மனிதர் டிபன் பாக்ஸோடு வருகிறார். அதை மேசையில் வைக்கிறார். தன் இடத்தில் உட்காராமல் மேசையைச் சுற்றிக்கொண்டு போய், எதிர் நாற்காலியை வெளியே இழுத்து, கொஞ்சம் சாய்வாகத் திருப்பிவைக்கிறார். பிறகு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்.

இழுத்த ஞாபகமே தேவசகாயத்துக்கு இல்லை.

ரோஸ்லினுக்கு முட்டிவலி. பாரமான நாற்காலியை அவளால் நகர்த்த முடியாது. பதினெட்டு வருஷமாக அவர்தான் இழுத்து, அவள் காலை மடக்காமல் உட்காரும்படி சாய்த்துப் போடுவார். அதைச் சொல்ல வாயெடுத்தார். அழுகை வந்துவிட்டது. மெஹர்நிஷா அவர் முகத்தைப் பார்க்காமல் காத்திருந்தாள்.

பிறகு அவருடைய கணினிக்குப் போய், மறைத்த நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்தாள். முதியவரின் கண்ணீரை அழித்தாள். எழுந்து, தேவசகாயத்துக்கு இடம் விட்டாள்.

அவர் உட்கார்ந்தார். திரையில் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"அந்தம்மா இல்லன்னு இவருக்குத் தெரியுமே மேடம்."

"இவருக்குத் தெரியும் சார். இவர் கைக்கு யாரும் இன்னும் சொல்லல."